போனவரும் அனுப்பப்பட்டவரும்

குடிவரவுத் துறையின் புள்ளிவிவரப் பிரிவில் வேலையில் இருந்த காலத்தில் நான் ஆண்டுக்கொரு முறை ஒரு கோடு வரைவேன். விசா முடிந்தும் பசிபிக்கின் தென்கோடியிலுள்ள இந்த நாட்டில் தங்கியிருந்தவர்களில் எத்தனை பேரைப் பிடித்தார்கள், எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார்கள் என்று காட்டும் கோடு. பல ஆண்டுகளின் எண்களைச் சேர்த்து வைத்தால் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். மேலிடத்திலிருந்து ஒரே கேள்வி வரும்: ஏன் ஏறியது, அல்லது ஏன் இறங்கியது. ஏறினால் 'அமலாக்கம் தீவிரமாகியுள்ளது' என்று எழுதுவோம். இறங்கினால் 'விதிகளை மக்கள் மதிக்கத் தொடங்கியுள்ளார்கள்' என்று எழுதுவோம். இரண்டுமே வெற்றி. தோல்வி என்று எழுத அந்த அறிக்கையில் இடமே விட்டிருக்கவில்லை.

கோடு எதனால் ஏறுகிறது என்பது எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். தேடுகிறவர்களைக் கூட்டினால் ஏறும். அவர்களுக்குப் பெட்ரோல் தராவிட்டால் இறங்கும். கொரோனாவில் விமானங்கள் நின்றபோது தரையைத் தொட்டது. ஒளிந்திருப்பவர்களைப் பற்றி அந்தக் கோடு எனக்கு எதையும் சொன்னதில்லை. தேடப்போனவர்கள் எங்கே போனார்கள் என்பதை மட்டும் நன்றாகச் சொல்லும். ஊரின் தெற்கே உழைப்பாளிகள் இருக்கும் விரியின் கிடங்குகளிலும் மனுரேவாவின் வாடகை வீடுகளிலும் தேடினால் விரியிலும் மனுரேவாவிலும்தான் ஆள் கிடைப்பார்கள். வசதியானவர்கள் இருக்கும் எப்சத்தில் எங்கள் தெருவுக்கு யாரும் தேடி வந்ததில்லை. எதிர்வீட்டு அவுட்ஹவுஸில் தங்கியிருந்த ஆங்கிலேய இளைஞன் விசா முடிந்து ஒரு முழுக் கோடைக்காலம் பார்பெக்யூ போட்டுக்கொண்டிருந்தான். அவனை ஓவர்ஸ்டேயர் என்று யாரும் சொல்லவில்லை. பேக்பேக்கர் என்றார்கள்.

பசிபிக் தீவுக்காரர்களின் வீடுகளில் விடிவதற்கு முன் கதவைத் தட்டி, படுக்கையிலிருந்து ஆட்களை இழுத்துக்கொண்டுபோன காலம் ஒன்று இந்த ஊருக்கு உண்டு. அதற்காக அரசாங்கம் பின்னாளில் மன்னிப்பும் கேட்டது. நல்ல மன்னிப்பு, தொலைக்காட்சியில் பார்த்தேன், கண் கலங்கியது. அடுத்த ஆண்டு அறிக்கையின் கட்டங்கள் மட்டும் அப்படியே இருந்தன.

எல்லை என்று ஒரு பத்தியும் உண்டு. இந்த நாட்டுக்கு வேலி கிடையாது, சுற்றிலும் கடல். ஆகவே எல்லையில் தடுக்கப்பட்டவர்கள் என்று நாங்கள் எண்ணியதில் பலர் கோலாலம்பூரிலும் சென்னையிலும் விமான கவுன்ட்டரிலேயே நிறுத்தப்பட்டவர்கள். இந்த நாட்டைக் கண்ணால் பார்க்காமலே இதன் எல்லையில் மாட்டியவர்கள்.

ஓய்வு பெற்றபின் சனிக்கிழமை காலைகளில் கோயிலுக்குப் பின்னாலிருக்கும் மண்டபத்தில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். குடிவரவு ஆலோசனை சொல்ல இங்கே உரிமம் வேண்டும். என்னிடம் இல்லை. ஆகவே ஆலோசனை சொல்வதில்லை; வருகிற கடிதங்களை வாசித்துப் பொருள் சொல்வேன், வழக்கறிஞரிடம் அனுப்புவேன், அலுவலகத்துக்குத் துணைக்குப் போவேன். துணைக்குப் போகிறவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. அதை நான் பெரும்பாலும் மதித்தே வந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு மே மாதம் அந்த மேசைக்கு ஒருவர் வந்தார். திருச்சிப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். விரியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். அவருடைய விசா அந்த முதலாளியோடு கட்டப்பட்டது. முதலாளி ஏதோ தில்லுமுல்லு செய்து, வெளிநாட்டு ஆட்களை வைத்துக்கொள்ளும் அனுமதியை இழந்தார். முதலாளிக்கு அபராதம், இவருக்கு வேலையும் போயிற்று, விசாவும் போயிற்று. மனைவி முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளர். அவளுக்குத் தனி விசா, செல்லுபடியாகிக்கொண்டிருந்தது. அந்த வேலைக்குரிய விசாவில் கணவனைச் சேர்க்க முடியாதென்று இடையில் விதி மாறியிருந்தது. நான்கு வயதில் ஒரு மகள். விசேஷக் கருணை காட்டக் கேட்ட மனுவும் மறுக்கப்பட்டுவிட்டது.

"சில பேரு ஒளிஞ்சுக்கச் சொல்றாங்க ஆன்ட்டி. தெக்க ஆப்பிள் தோட்டத்துல ஆள் எடுக்கிறாங்களாம், பேப்பர்லாம் கேக்க மாட்டாங்களாம்" என்றார்.

"ஒளியத் தெரியுமா தம்பி ஒங்களுக்கு? பிரசாத லைன்ல முன்னால நின்னவங்களுக்கெல்லாம் வழி விட்டு, கடைசியில வெறுங்கையோட வந்தீங்க. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வழக்கறிஞர் சொன்னதை அவருக்குப் புரியும்படி சொன்னேன். நீங்களாகவே டிக்கெட் எடுத்துக் கிளம்பிவிட்டால், நீங்கள் இந்த நாட்டைவிட்டுப் போனவர். அங்கிருந்து முறையாக மனுப் போடலாம், கிடைத்தாலும் கிடைக்கும். நாடுகடத்தல் ஆணையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள் என்றால், நீங்கள் அனுப்பப்பட்டவர். இரண்டு வருஷம் மனுவே போட முடியாது. அதைவிட மோசம், உலகத்தில் எந்த நாட்டு விசாப் படிவத்தை எடுத்தாலும் ஒரு கேள்வி இருக்கும்: எந்த நாட்டிலிருந்தாவது நாடுகடத்தப்பட்டிருக்கிறீர்களா? சாகும்வரை அதற்கு 'ஆம்' என்றுதான் எழுத வேண்டும். ஆகவே ஆணை வருவதற்குள் கிளம்புங்கள்.

பக்கத்து மேசையில் கோயில் பொருளாளர் ரசீது கிழித்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்ற கணக்காளர், கோலாலம்பூர்க்காரியான எனக்கு நெடுநாள் நண்பர். திருச்சிக்காரர் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"சும்மா பிடிக்க மாட்டினம். ஏதோ ஒரு பிழை விட்டிருப்பார். நாங்கள் எல்லாம் லைனில நிண்டு வந்த ஆக்கள்தானே."

"நீங்க எந்த லைன்ல நின்னீங்க?"

"அது வேற கதை."

"எல்லாருக்கும் அது வேற கதைதான் லா. வாசல் தாண்டி உள்ள வந்தாச்சுன்னா, வெளிய நிக்கிறவன் மட்டும் லைனை மதிக்கணும்."

"உங்களோட கதைச்சா எனக்குப் பிரஷர் ஏறும்" என்று மறுபடி ரசீதைக் கிழிக்கத் தொடங்கினார்.

நண்பரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? எப்சத்தில், பெயர்பெற்ற பள்ளிக்கூடம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் எல்லைக்குள் வீடு வாங்கி, மார்ட்கேஜும் கட்டி முடித்த நம்மவர்கள் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறார்கள். விருந்துகளில் கேட்டிருக்கிறேன். இரண்டாவது தட்டுப் பிரியாணியை வைத்துக்கொண்டே, இந்த நாட்டுக்குள் இப்போது யார் யாரெல்லாமோ வந்துவிடுகிறார்கள் என்பார்கள்.

திருச்சிக்காரர் டிக்கெட் எடுத்தார், ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமைக்கு. அதே வாரம் செவ்வாய்க்கிழமை வந்து பார்க்கும்படி அதிகாரி அழைத்தார். நல்ல அறிகுறி என்று நினைத்தேன். பிடிக்க நினைப்பவர்கள் அழைப்பதில்லை, வருவார்கள். போகும் தேதியை உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் கூப்பிடுகிறார்கள்.

முந்தின நாள் மனுரேவாவில் அவர்கள் வீட்டுக்கே போய் ஒத்திகை பார்த்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். பாஸ்போர்ட், டிக்கெட், வியாழன்வரை இருக்கும் முகவரி, இவற்றை மேசையில் வையுங்கள். ஜோக் சொல்லாதீர்கள். நூறு முறை சாரி சொல்லாதீர்கள். ஏதோ செய்திருக்கிறீர்கள் என்று நினைப்பார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா?

"வேணாம் ஆன்ட்டி. எனக்கு இங்கிலீஷ் வரும்."

"வரும் ஆன்ட்டி. வேர்ஹவுஸ்ல எல்லாரும் இவரத்தான் பேச விடுவாங்க" என்று அடுப்படியிலிருந்து மனைவி பெருமையாகச் சொன்னாள். அவளுடைய மகள் என்னை நிமிர்ந்து பார்த்து, அப்பா 'வேஜிடபிள்' என்பதைத் தப்பாகச் சொல்வார் என்று ஆங்கிலத்தில் புகார் செய்தாள்.

செவ்வாய்க்கிழமை எங்களைச் சந்தித்த அதிகாரி மரியாதையானவர். இதை நான் சொல்லியே ஆக வேண்டும். கொடுமைக்காரராக இருந்திருந்தால் என் கோபத்துக்கு ஒரு முகம் கிடைத்திருக்கும். தண்ணீர் கொடுத்தார். மகளைப் பற்றி விசாரித்தார். டிக்கெட்டைப் பார்த்தார், கணினியில் சரிபார்த்தார். நான் சொல்லிக்கொடுத்ததுபோலவே இவர் பேசினார். எல்லாம் முடிந்தது. அதிகாரி பேனாவை மூடி வைத்தார். அப்படியானால் வியாழக்கிழமை கிளம்புகிறீர்கள், நல்லது, என்றார். இவர் எழுந்து, இரண்டு கைகளாலும் அதிகாரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னார்:

"ஓகே சார். தேங்க்யூ சார். ஐ வில் கோ அண்ட் கம்."

அவர் ஆங்கிலத்தில் பேசவில்லை. தமிழில்தான் பேசினார், சொற்கள் மட்டும் ஆங்கிலம். நம்மில் யார் 'போறேன்' என்று சொல்லிவிட்டு ஒரு வாசலைத் தாண்டியிருக்கிறோம்? சொன்னால் அடுப்படியிலிருந்து குரல் வரும், 'போயிட்டு வரேன்னு சொல்லு' என்று. இழவு வீட்டில் மட்டும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவோம். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் சொல்ல மாட்டோம். இனி குடிவரவு அலுவலகத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இவருக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். ஒரு மனிதனுக்கு விடைபெறுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க யாருக்குத் தோன்றும்?

"கம்?" என்றார் அதிகாரி. "கம் வேர்?"

"ஹியர், சார்." இவருக்கு அந்தக் கேள்வியே மகிழ்ச்சியாக இருந்தது. "மை வைஃப், மை டாட்டர், ஆல் ஹியர்."

நான் வாயைத் திறந்தேன். அது எங்கள் மொழியில் விடைபெறும் முறை, அதில் வேறு பொருள் கிடையாது என்றேன். அதிகாரி நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீங்கள் துணைக்கு வந்தவர் மேடம், அவருக்காகப் பதில் சொல்ல உங்களுக்கு அனுமதி இல்லை என்றார். சரியாகத்தான் சொன்னார். பிறகு பேனாவின் மூடியைத் திறந்தார். மறுபடி உட்காரும்படி இவருக்குக் கை காட்டினார். நாட்டைவிட்டுப் போனபின் திரும்பி வரும் எண்ணம் உண்டா என்று நிறுத்தி நிதானமாகக் கேட்டார்.

"யெஸ் சார். டெஃபனட்லி."

மனைவியையும் பிள்ளையையும் விட்டுவிட்டுப் போகிற எவன் வேறு பதில் சொல்வான்? திரும்பி வர விரும்புவது குற்றமில்லை. தானாகப் போனவர் முறையாக மனுப் போட்டு வரலாம் என்று அவர்களுடைய சட்டமே சொல்கிறது. ஆனால் அந்த அறையில் அந்தச் சொல் வேறாகிவிட்டது. வருவேன் என்கிறவன் போவான் என்று எப்படி நம்புவது? டிக்கெட்டை ரத்து செய்துவிட்டால்? அதிகாரி வெளியே போனார். வரும்போது இன்னொருவரும் கூட வந்தார், கையில் ஆணை.

என்னால் முடிந்த கடைசி வழியையும் முயன்று பார்த்தேன். குடும்பம் இருக்கிறது என்று தெரியவந்தால், ஆணையை ரத்து செய்யலாமா என்று யோசித்தாக வேண்டும் என்று சட்டத்தில் உண்டு. தனக்குக் குடும்பம் இருக்கிறது என்று இவரைச் சொல்லவைத்தேன். யோசித்தார்கள். கேள்விகளை வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். மகள் எந்தக் கிண்டர்கார்டன், மனைவிக்கு எந்த ஷிஃப்ட், ஊரில் யார் இருக்கிறார்கள். பிறகு, ரத்து செய்வதற்கில்லை. காரணம் சொல்ல வேண்டியதில்லை, அதுவும் சட்டத்தில் உண்டு. முழு விருப்புரிமை என்பார்கள். அழகான சொல்தான். கேட்கிறவனுக்கு அதில் விருப்பமும் இல்லை, உரிமையும் இல்லை.

அது ஜூன் மாதம் என்று சொன்னேன். நிதியாண்டு அந்த மாதத்தோடு முடிகிறது. தானாகக் கிளம்பியவர் என் கோட்டில் ஏற மாட்டார். ஆணையோடு போகிறவர் ஏறுவார். அதனால்தான் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு ஆதாரம் கிடையாது. ஜூலை மாதங்களில் இவ்வளவு சுறுசுறுப்பை நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

நேராகக் காவல்நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். நான்கு நாள்வரை நீதிபதியிடம் காட்டாமல் வைத்திருக்கலாம். விமானம் அதற்கு முன்பே. ஆகவே எந்த நீதிபதியும் இவர் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

கார் பார்க்கில் நின்றபடி அவர் மனைவிக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை.

"அவரு தப்பா என்ன பேசினாரு ஆன்ட்டி?"

"ஒண்ணும் தப்பா பேசலம்மா. போயிட்டு வரேன்னு சொன்னாரு."

"வேற என்ன சொல்லுவாங்க?" என்றாள்.

வியாழக்கிழமை அவரை அனுப்பினார்கள். எதில் அனுப்பினார்கள்? அவர் எடுத்த அதே டிக்கெட்டில். அதே விமானம், அவரே தேர்ந்தெடுத்த அதே ஜன்னலோர இருக்கை. அரசாங்கத்துக்கு ஒரு காசு செலவில்லை. பக்கத்தில் இரண்டு பேர் விமான வாசல்வரை நடந்தார்கள், அதுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்குப் பெயர் நாடுகடத்தல். மனைவியும் மகளும் நானும் புறப்பாட்டுக் கூடத்தில் நின்றோம். அவரைப் பார்க்க முடியவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு வேறு வாசல். பலகையில் விமானம் கிளம்பிவிட்டதாகப் போட்டபிறகு கிளம்பினோம்.

அந்தச் சனிக்கிழமை பொருளாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரசீதுப் புத்தகத்தை மூடிவிட்டார்.

"அட, அதை நானும் சொல்லியிருக்கிறன். சிட்டிசன்ஷிப் அலுவலா அவையிட்டப் போன நாள், வெளிக்கிடேக்க சொன்னனான். ஐ வில் கோ அண்ட் கம் எண்டு."

"ஒங்களைப் பிடிக்கலையா?"

"சிரிச்சவை. 'வி ஹோப் சோ' எண்டவை." மூடிய ரசீதுப் புத்தகத்தின் ஓரத்தை நீவிவிட்டார். "நல்ல மனிசர் எண்டு நான் அண்டைக்கு வீட்டில வந்து சொன்னனான்."

நல்ல மனிதர்கள்தான், நானும் மறுக்கவில்லை. அதே வாக்கியத்தை ஒருவர் கையில் பிரஜாவுரிமைத் தாளோடு சொன்னால் வேடிக்கை, இன்னொருவர் காலாவதியான விசாவோடு சொன்னால் சாட்சியம். இதற்கு என் வரைபடத்தில் ஒரு கட்டம் நான் போட்டதே இல்லை.

மனைவி மூன்று மாதம் தாக்குப்பிடித்தாள். முதியோர் இல்லத்தில் இரவு ஷிஃப்டுக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. நானே சில இரவுகள் பார்த்துக்கொண்டேன். ஒரு நாள் மண்டபத்துக்கு வந்து, வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னாள். நான் வழக்கம்போல வழிகளை அடுக்கினேன்: இதற்கு மேல் இந்த மனு, அது மறுக்கப்பட்டால் அந்தப் புகார், அதற்கும் மேலே இன்னொருவர்.

"நீங்க சொல்ற வழி எல்லாமே இங்கயே இருக்கிறதுக்குத்தான் ஆன்ட்டி" என்றாள். "அவரு அங்க இருக்காரு. நான் ஏன் இங்க இருந்து இந்த ஊரு கிழவிங்களக் குளிப்பாட்டணும்?"

பிறகு நான் ஒரு கிழவி என்பது நினைவுக்கு வந்து, வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ஆண்டில் நான் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

அவர்களும் போய்விட்டார்கள். மூன்று பேர் இந்த நாட்டைவிட்டுப் போயிருக்கிறார்கள், கணக்கில் ஒருவர். மற்ற இருவர் எந்தக் கோட்டிலும் வர மாட்டார்கள். முதியோர் இல்லத்தில் ஆள் பற்றாக்குறை என்று வேறொரு துறை வேறொரு கோடு வரையும்.

எனக்கு மிஞ்சியிருப்பது ஒரே வேலை. அந்த ஆணையை நீக்கவைப்பது. அவர் இங்கே திரும்பி வருவதற்காக அல்ல. வர மாட்டேன் என்று போனில் சொல்லிவிட்டார். துபாயில் ஒரு கிடங்கில் வேலை கேட்டிருக்கிறார், அங்கேயும் படிவத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது. போனார் என்று எழுதுவதா, அனுப்பப்பட்டார் என்று எழுதுவதா? அவர் டிக்கெட் எடுத்துப் போனவர். நான் பார்த்தேன். புகார் எழுதினேன். சம்பந்தப்பட்டவர் இப்போது நாட்டில் இல்லாததால் மேற்கொண்டு நடவடிக்கை எதற்கும் இடமில்லை என்று பதில் வந்தது. அவரை இங்கே இல்லாமல் ஆக்கியவர்கள் நீங்கள்தான் என்று திரும்ப எழுதினேன். அதற்குப் பதில் இல்லை.

இன்று காலை குடிவரவு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். வெகுநேரம் பாட்டுப் போட்டார்கள். பிறகு இளம் குரல் ஒன்று, அவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டது. உறவு ஒன்றுமில்லை என்றேன். அப்படியானால் தனியுரிமைச் சட்டத்தின்படி அவரைப் பற்றி உங்களிடம் எதுவும் பேச முடியாது, மன்னிக்கவும், என்றது.

"அவர் கையெழுத்துப் போட்ட அதிகாரக் கடிதம் உங்கள் கோப்பில் இருக்கிறது" என்றேன். "சென்ற ஆண்டு ஜூன் மாதம் நானே கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வைத்த நகல் என் முன்னால் இருக்கிறது. தேடுங்கள்."

தேட நேரமாகும் என்றது குரல்.

ஆகட்டும். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அரிசி களைய உட்கார்ந்தேன்.